ஒரு நாள் கூலியும் ஒரு கப்பல் பயணமும்

ரக்பி லீக் தேசிய அணிகளின் வெளிநாட்டுப் பயணங்களைப் பற்றி வடசென்னை வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும் பதில்களும்

கேள்வி: 2025 ஜூன் மாதம் மும்பையில் நடந்த ரக்பி பிரீமியர் லீக்கில் சென்னை புல்ஸ் அணி கோப்பையை வென்றதிலிருந்து இந்த விளையாட்டின் மீது எனக்கு ஈடுபாடு ஏற்பட்டது. அதே ஆண்டின் இறுதியில் ஆஸ்திரேலிய அணி இங்கிலாந்து சென்று ஆடிய போட்டிகளைப் பார்த்தேன். அணிக்கு 13 பேர் ஆடினார்கள். விதிகளும் வேறாகத் தெரிந்தன. இரண்டும் ஒரே விளையாட்டுதானா?
- ஒரு வாசகர், இராயபுரம்

பதில்: இரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்தாம். ஆனால் 1895ஆம் ஆண்டிலேயே தனிக்குடித்தனம் போய்விட்டார்கள். மும்பையில் நீங்கள் பார்த்தது ரக்பி யூனியனின் எழுவர் ஆட்டம். இங்கிலாந்தில் பார்த்தது ரக்பி லீக்.

கபடி பழகிய கண்ணுக்கு லீக் எளிதில் பிடிபடும். பந்தோடு ஓடி வருபவரை எதிரணியினர் மடக்கித் தரையில் சாய்த்ததும் ஆட்டம் ஒரு கணம் நிற்கிறது. விழுந்தவர் எழுந்து, பந்தைத் தரையில் வைத்து, காலால் பின்னுக்கு உருட்ட, பின்னால் நிற்கும் சக வீரர் அதை எடுத்து ஆட்டத்தைத் தொடர்கிறார். இப்படி ஆறு முறை மடக்கப்படுவதற்குள் எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் பதித்துவிட வேண்டும். இல்லையென்றால் பந்து கைமாறிவிடும். பதித்தால் 4 புள்ளி. யூனியனில் அதற்கு 5.

நீங்கள் குறிப்பிடும் பயணம் ஆஷஸ் தொடர். கிரிக்கெட்டில் மட்டுமல்லாமல் ரக்பி லீக்கிலும் அந்தப் பெயரில் ஒரு தொடர் உண்டு. 22 ஆண்டுகளுக்குப் பிறகு நடந்த அந்தத் தொடரில் லண்டன், லிவர்பூல், லீட்ஸ் ஆகிய மூன்று நகரங்களிலும் ஆஸ்திரேலியாவே வென்றது.

கேள்வி: இங்கிலாந்தால் ஏன் ஆஸ்திரேலியர்களை வெல்ல முடிவதில்லை?
- ஒரு வாசகி, திருவொற்றியூர்

பதில்: ஒரு காலத்தில் வென்றார்கள். இங்கிலாந்து வீரர்களும் அடங்கிய பிரிட்டன் அணி கடைசியாக ஆஷஸ் தொடரைக் கைப்பற்றியது 1970இல், அதுவும் ஆஸ்திரேலிய மண்ணில். அதன்பிறகு ஆஸ்திரேலியாவின் உள்நாட்டுப் போட்டிகள் மிகவும் வலுப்பெற்றுவிட்டன. 1982இல் அங்கிருந்து சென்ற அணி பிரிட்டனிலும் பிரான்சிலும் ஆடிய ஆட்டங்களில் ஒன்றில்கூடத் தோற்கவில்லை. உள்ளூர்ப் போட்டிகளின் தரத்தை உயர்த்தாமல் தேசிய அணியை மட்டும் சீர்செய்துவிட முடியாது என்பதே என் கருத்து.

கேள்வி: விளையாட்டு வீரர்கள் போர்க்கப்பலில் பயணம் செய்ததாக என் தாத்தா சொல்லுவார். அவர் துறைமுகத்தில் வேலை பார்த்தவர். உண்மையா?
- ஒரு வாசகர், காசிமேடு

பதில்: உண்மைதான். இரண்டாம் உலகப் போர் முடிந்த மறு ஆண்டு, 1946இல், பிரிட்டன் அணி ஆஸ்திரேலியாவுக்குப் புறப்பட வேண்டியிருந்தபோது பயணிகள் கப்பல்களில் இடம் கிடைக்கவில்லை. ஆகவே, ‘இன்டாமிட்டபிள்’ என்ற விமானந்தாங்கிப் போர்க்கப்பலில் அவர்களை ஏற்றி அனுப்பினார்கள். கப்பல் அவர்களை ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில் உள்ள ஃப்ரீமேன்டில் துறைமுகத்தில் இறக்கிவிட்டது. ஆட வேண்டிய ஊர்களோ கிழக்குக் கரையில் இருந்தன; கண்டத்தின் குறுக்கே நாள்கணக்கில் ரயிலில் போனார்கள்.

அந்த அணியின் தலைவர் கஸ் ரிஸ்மன், வேல்ஸ் நாட்டில் கார்டிஃப் நகரத்தின் துறைமுகக் குடியிருப்பில் பிறந்தவர். லாட்வியாவிலிருந்து குடியேறிய பெற்றோரின் மகன். உங்கள் தாத்தா இதை அறிந்திருந்தால் மகிழ்ந்திருப்பார். பயணத்தின்போது ரிஸ்மனுக்கு வயது 35. சிட்னியில் நடந்த முதல் டெஸ்டில் ஒரு வீரரை நடுவர் வெளியேற்றிவிட, மீதி 12 பேரும் தாக்குப்பிடித்து 8-8 என்று சமன் செய்தார்கள். அடுத்த இரண்டு டெஸ்டுகளிலும் வென்றார்கள். ஆஸ்திரேலியாவில் ஒரு டெஸ்டில்கூடத் தோற்காமல் தொடரை முடித்த பிரிட்டன் அணி அது ஒன்றுதான். கப்பலின் பெயரே அணிக்கும் பெயராக நிலைத்துவிட்டது.

கேள்வி: நான் கபடி ஆடுகிறேன். தினக்கூலிக்கு லோடு ஏற்றும் வேலை. வெளியூர்ப் போட்டிக்குப் போனால் மூன்று நாள் கூலி போய்விடும். திரும்பி வந்தால் வேலை இருக்குமா என்பதும் நிச்சயமில்லை. மாதக்கணக்கில் வெளிநாட்டுப் பயணம் போகும் இந்த வீரர்களுக்கு யார் படியளக்கிறார்கள்?
- ஒரு வாசகர், வியாசர்பாடி

பதில்: இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் என்னை அதிக நேரம் யோசிக்க வைத்தது உங்களுடையதுதான். சிறுவனாக இருந்தபோது தண்டையார்பேட்டையில் எங்கள் தெருக் கபடி அணியின் பைகளைத் தூக்கிக்கொண்டு நானும் வேனில் போயிருக்கிறேன். அணியில் சிறந்த பிடியாளராக இருந்த ஓர் அண்ணன், திரும்பி வரும் வழியெல்லாம், மஞ்சள் பற்றுப் போட்ட முழங்காலை நீட்டிவைத்தபடி, இழந்த கூலியை விரல்விட்டு எண்ணிக்கொண்டிருப்பார். அடுத்த ஆண்டு அவர் வரவில்லை.

ரக்பி லீக் என்ற விளையாட்டே உங்கள் கேள்வியிலிருந்துதான் பிறந்தது. வட இங்கிலாந்தில் ரக்பி ஆடியவர்களில் பலர் நிலக்கரிச் சுரங்கத்திலும் ஆலையிலும் உழைத்தவர்கள். ஆட்டத்துக்குப் போனால் அவர்களுக்குக் கூலி இல்லை. இழந்த கூலியை மட்டுமாவது ஈடுசெய்யுங்கள் என்று வடபகுதிச் சங்கங்கள் கேட்டன; காசு வாங்காமல் ஆடுவதே கௌரவம் என்று சொல்லி 1893இல், ஆட்டத்தை நிர்வகித்த ரக்பி யூனியன் அமைப்பு அதை நிராகரித்தது. வயிற்றுப்பாட்டுக்குக் கவலையில்லாதவர்கள் வகுத்த கௌரவம் அது. 1895 ஆகஸ்ட் 29 அன்று ஹட்டர்ஸ்ஃபீல்டு நகரத்தில் ஒரு விடுதியில் கூடிய சங்கங்கள் பிரிந்துபோய், நாளொன்றுக்கு 6 ஷில்லிங் வரை கூலி ஈடு தரலாம் என்று முடிவு செய்தன.

இந்த ஆட்டத்தின் முதல் வெளிநாட்டுப் பயணத்தை ஏற்பாடு செய்தவர், நியூசிலாந்தின் வெலிங்டனில் அஞ்சல் துறையில் எழுத்தராக இருந்த ஆல்பர்ட் பாஸ்கர்வில் என்ற இளைஞர். 1907இல் அவர் திரட்டிய அணிக்கு அரசின் உதவியோ பெரும் புரவலரோ இல்லை. வீரர்கள் ஆளுக்கு 50 பவுண்டு போட்டு முதல் சேர்த்தார்கள். வரும் லாபத்தைப் பங்கிட்டுக்கொள்வது என்பது ஏற்பாடு. யூனியன் அமைப்பு அவர்கள்மீது கடும் சினம் கொண்டது. சிட்னி பத்திரிகைகள், கறுப்புச் சீருடைக்காகப் பெயர்பெற்ற நியூசிலாந்து ரக்பி யூனியன் அணியான ‘ஆல் பிளாக்ஸ்’ பெயரைத் திருகி, காசுக்கு ஆடுபவர்கள் என்ற பொருளில் இவர்களை ‘ஆல் கோல்ட்ஸ்’ என்று ஏளனம் செய்தன.

இங்கிலாந்தில் போய் இறங்கிய பிறகுதான் புதிய விதிகளைக் கற்றுக்கொண்டார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். அப்படியிருந்தும், முதல் டெஸ்டில் தோற்றபின் அடுத்த இரண்டையும் வென்று தொடரைக் கைப்பற்றினார்கள். இன்று தேசிய அணியின் செலவை அந்தந்த நாட்டு விளையாட்டு அமைப்புகள் ஏற்கின்றன. முன்னணி வீரர்களுக்குச் சங்கங்களின் சம்பளமும் இருக்கிறது. கேட்டுப் பெற்ற உரிமை அது. நீங்களும் உங்கள் அணியினரும், போட்டி நடத்துபவர்களிடம் பரிசுத்தொகையைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே, வந்துபோகும் நாட்களின் கூலியைப் பற்றிப் பேசுங்கள் என்று உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன்.

பாஸ்கர்வில் தன் ஊருக்கு உயிரோடு திரும்பவில்லை. திரும்பும் வழியில் ஆஸ்திரேலியாவில் ஆடிக்கொண்டிருந்தபோது நிமோனியா கண்டு, 1908 மே 20 அன்று பிரிஸ்பேன் நகரத்தில் இறந்தார், வயது 25. அவருடைய தோழர்கள் அடுத்த மாதமே வெலிங்டனில் தங்களுக்குள் இரண்டு அணிகளாகப் பிரிந்து ஓர் ஆட்டம் ஆடினார்கள். நியூசிலாந்து மண்ணில் ரக்பி லீக் விதிப்படி நடந்த முதல் ஆட்டம் அதுதான். அதில் வசூலான பணம் பாஸ்கர்வில்லின் தாயாருக்குப் போனது.