கவுன்சிலிங்ல பேசுனது வெளிய போகுமா? உங்க கேள்விகளுக்கு பதில்

இந்த தடவை வந்த கேள்வி முக்காவாசியும் ஒரே பயந்தான், சொன்னது வெளிய போயிருமோன்னு. நம்ம ஜில்லாவுல யார பாத்தாலும் யாருக்காவது சொந்தமாத்தான் இருப்பாங்க, அதனால பயம் நியாயந்தான்.

மகனுக்கு 19 வயசு. ஃபீஸ் நான்தான் கட்டுதேன், ஆனா என்ன பேசுனான்னு கேட்டா கவுன்சிலர் வாயே தொறக்க மாட்டேங்காங்க. - தக்கலையில இருந்து ஒரு அம்மா

அம்மா, ஃபீஸ் நீங்க கட்டுனாலும் பேச்சு அவனுக்குள்ளது. 18 தாண்டியாச்சு, அவன் சம்மதம் வேணும். மனநல சிகிச்சைன்னா 2017 மனநல பராமரிப்பு சட்டம் 23வது பிரிவே இத உரிமையா குடுக்கு. உயிருக்கு ஆபத்து மாதிரி சட்டம் சொல்லுத சில காரணங்களுக்கு மட்டும், எவ்வளவு தேவையோ அவ்வளவு சொல்லலாம். ஆனா நீங்க கவுன்சிலர்கிட்ட சொல்ல தடையே இல்ல, தூங்க மாட்டேங்கான், கதவ பூட்டிட்டு இருக்கான்னு பாத்தத சொல்லுங்க, அது அவன் காதுக்கும் போகும்னு நெனச்சுட்டு சொல்லுங்க.

வடசேரி பஸ் ஸ்டாண்ட்ல என் தெரபிஸ்ட் என்ன பாத்தும் பாக்காத மாதிரி போனாங்க, மனசு கஷ்டமாயிருச்சு.

சரியாத்தான் செஞ்சிருக்காங்க. கூட நிக்கவங்க "இவங்கள எப்படி தெரியும்"னு கேட்டா நீங்கதானே முழிக்கணும்? நீங்க மொதல்ல பேசுனா அவங்களும் பேசுவாங்க.

நான் டீச்சர், கடற்கரை ஊரு. பத்தாங்கிளாஸ் பிள்ள ஒண்ணு சொந்தக்காரன் ஒருத்தன் தப்பா நடந்துகிட்டான்னு அழுதா, யார்ட்டயும் சொல்லமாட்டேன்னு வாக்கு குடுத்துட்டேன்.

டீச்சர், இந்த வாக்க காப்பாத்தக்கூடாது. பிள்ளைங்கள பாலியல் கொடுமையில இருந்து காப்பாத்துத 2012 போக்சோ சட்டம் 19வது பிரிவுப்படி 18 வயசுக்குள்ள பிள்ளைக்கு இப்படி நடந்தது தெரிஞ்சா போலீஸ்ல சொல்லியே ஆகணும், டீச்சரானாலும் கவுன்சிலரானாலும் இதுதான், சொல்லாம விட்டா 6 மாசம் வரைக்கும் ஜெயிலுக்கு இடமுண்டு. குழந்தைகள் உதவி நம்பர் 1098க்கு கூப்பிட்டாலும் வழி சொல்லுவாங்க. ஆனா போன எடுக்கதுக்கு முன்னாடி அந்த பிள்ளைய உக்கார வச்சு, "நீ தப்பு பண்ணல மக்கா, உன்ன காப்பாத்தத்தான் சொல்லப்போறேன்"னு சொல்லிருங்க. வாக்குமூலம் எடுக்க வர்ற போலீஸ் யூனிஃபார்ம்ல வரக்கூடாது, ராத்திரி அவள ஸ்டேஷன்ல வைக்கக்கூடாது, பேரு வெளிய வரக்கூடாதுன்னும் சட்டம் இருக்கு, அதையும் சொல்லுங்க. ஸ்டாஃப் ரூம்ல மட்டும் மூச்சு விடாதீங்க.

கல்யாணம் பேசுதாங்க. பையன் வீட்ல கிளினிக்ல வந்து விசாரிச்சா?

நீங்க வந்தீங்களான்னுகூட சொல்லக்கூடாது, ரிசப்ஷன்ல இருக்க பிள்ளைக்கும் அதே விதிதான். ஹால்ல பேர் சொல்லி கத்தி கூப்பிடுதாங்கன்னா டோக்கன் நம்பர் சொல்லி கூப்பிட சொல்லுங்க, தயங்காம கேளுங்க.