வீட்டுப் பாலுக்கு எந்த வெள்ளாடு?

கேள்வி: டாக்டர் சார், எனக்கு வள்ளியூர் பக்கம். வீட்டைச் சுற்றி 20 சென்ட் இடம், கிணறு உண்டு. தீவனச் செலவு தாங்காமல் மாட்டைப் போன வருடம் விற்றுவிட்டேன். வீட்டில் நாலு பேர். காப்பிக்கும் மோருக்கும் பால் கிடைத்தால் போதும். கன்னி இனத்து நாட்டு ஆடு ஒன்று நிற்கிறது, அதன் பால் குட்டிகளுக்கே சரியாகப் போகிறது. ஒருவர் ஜமுனாபாரி வாங்கச் சொல்கிறார், இன்னொருவர் சானென் என்கிறார். எதை வாங்க?

பதில்: அண்ணாச்சி, உங்கள் இடத்துக்கு அந்த இரண்டுமே வேண்டாம். தலைச்சேரி ஆடு இரண்டு வாங்குங்கள்.

ஜமுனாபாரி உத்தரப்பிரதேசத்தில் எட்டாவா பக்கம், சம்பல் ஆற்றுப் பள்ளங்களில் காலாற நடந்து இலை தழை கடித்து வளர்ந்த இனம். நல்ல ஆடு 2 லிட்டர் கறக்கும், பொய் இல்லை. ஆனால் 20 சென்டில் கட்டிப்போட்டால் அது சோர்ந்துவிடும், பெரும்பாலும் ஒற்றைக் குட்டிதான் போடும். அதோடு, நம் பக்கத்துச் சந்தைகளில் காது நீளமாகத் தொங்கினாலே ஜமுனாபாரி என்று விலை சொல்லிவிடுகிறார்கள். சானென் சுவிட்சர்லாந்து ஆடு. குளிர்ந்த ஊரில் 3 லிட்டருக்கு மேலும் கறக்கும். வெள்ளைத் தோல், வெயில் ஆகாது. சித்திரை வெயிலில் பணகுடி ரோட்டில் நின்று பாருங்கள், அந்த ஆடு என்ன பாடு படும் என்று புரியும்.

தலைச்சேரி மலபார்க் கரையில் வீட்டோடு வளர்ந்த ஆடு. கட்டிப்போட்டு இலை ஒடித்துப் போட்டாலும் தின்னும், பெரும்பாலும் இரட்டைக் குட்டி போடும். நன்றாகக் கவனித்தால் நாளுக்கு முக்கால் முதல் ஒரு லிட்டர் வரை எதிர்பார்க்கலாம். உங்களுக்கு நாகர்கோவில் தாண்டினால் கேரளா, அதனால் நல்ல வளர்ப்பாளர் வீட்டிலேயே போய்ப் பார்த்து வாங்க முடியும்.

இனத்தின் பேரைவிட, வாங்கப்போகும் ஆட்டின் மடியும் அதன் தாயின் கறவையும்தான் முக்கியம். ஒரே இனத்துக்குள் கால் லிட்டர் கறக்கும் ஆடும் உண்டு, ஒன்றரை கறக்கும் ஆடும் உண்டு. அதனால் இரண்டாம் ஈத்து, மூன்றாம் ஈத்து ஆடாகப் பாருங்கள். வாயைத் திறந்து பார்த்தால் நாலு பல், ஆறு பல் இருக்க வேண்டும். முதல் நாள் சாயங்காலமே போய் உங்கள் கண்முன் ஒட்டக் கறக்கச் சொல்லுங்கள், மறுநாள் காலையில் திரும்பப் போய்க் கறவையை அளந்து பாருங்கள். இதை நான் வற்புறுத்திச் சொல்லக் காரணம் உண்டு. என்னிடம் வந்த ஒரு குடும்பம், மடி பானை மாதிரி இருக்கிறதே என்று ஆசைப்பட்டு நகையை அடகு வைத்து ஆடு வாங்கியது. விற்றவர் ஒரு நாள் முழுக்கக் கறக்காமல் மடி கட்டிக் கொண்டுவந்திருந்தார். வீட்டுக்கு வந்த பிறகு ஒரு டம்ளர்தான் தேறியது. அந்த அம்மா கண் கலங்கி நின்றது இன்னும் மறக்கவில்லை.

கறந்து முடித்ததும் மடி வெறும் துணிப்பை மாதிரி சுருங்க வேண்டும். அப்போதும் திண்ணென்று நின்றால் அது சதை மடி, பால் மடி அல்ல. கையால் வருடிப் பாருங்கள், கட்டி தட்டக் கூடாது. முதல் பீச்சலை ஒரு கறுப்புத் துணியில் விட்டால், மடிநோய் இருக்கிற ஆட்டுக்குத் திரிதிரியாகத் தெரியும்.

வாங்கும் இரண்டு ஆடும் ஒரே சமயத்தில் சினையாகிவிடக் கூடாது. ஆடு 5 மாதச் சினை. ஈன்று 3 மாதத்தில் கிடா சேர்த்து, 6 மாதம் கறந்து, கடைசி 2 மாதம் மடி வற்றவிட்டால் 8 மாதத்துக்கு ஒரு ஈத்து. இரண்டுக்கும் இடையே 4 மாதம் தள்ளி வைத்தால் வருடம் முழுக்க ஒன்றாவது கறவையில் நிற்கும். முதல் மாதம் பாலைக் குட்டிக்கே விடுங்கள். அப்புறம் குட்டிகளை ராத்திரி தனியே அடைத்து, காலையில் கறந்துகொண்டு, பகலில் தாயோடு விடலாம். இரண்டு ஆட்டுக்காக வீட்டில் கிடா வளர்க்காதீர்கள், அதன் வீச்சம் பாலில் ஏறும். நல்ல பால்வழித் தலைச்சேரிக் கிடா எங்காவது நின்றால் உங்கள் கன்னி ஆட்டையும் அதனோடு சேருங்கள். பிறக்கும் பெட்டைக்குட்டிகளுக்குத் தாயைவிடக் கூடுதலாகப் பால் இருக்க வாய்ப்புண்டு. கிடாக்குட்டிகள் மேலப்பாளையம் செவ்வாய்ச் சந்தைக்குப் போகும்.

தீவனத்துக்கு வேலியோரம் முழுக்க அகத்தியும் சூபாபுலும் முருங்கையும் வையுங்கள், கிணற்றடியில் கொஞ்சம் வேலிமசால் என்ற தீவனச் செடி. ஒரு ஆட்டுக்கு நாளுக்கு 4 கிலோ பசுந்தழை வேண்டும். கறவை ஆட்டுக்கு, கறக்கும் ஒவ்வொரு லிட்டருக்கும் 400 கிராம் அளவுக்குச் சோளம், தவிடு, கடலைப் புண்ணாக்குக் கலவை கொடுங்கள். உடைமரத்து நெற்றும் தாராளமாகப் போடலாம். பூக்காத இளஞ்சோளப் பயிர் மட்டும் வேண்டாம், அதில் விஷம் உண்டு, ஆடு நின்ற இடத்திலேயே விழும்.

ஆட்டுக்கொல்லி என்ற தொற்றுநோய்க்குத் தடுப்பூசி 3 வருடத்துக்கு ஒரு முறை, துள்ளுமாரி என்ற குடல் நச்சு நோய்க்கு வருடந்தோறும் மழைக்கு முன்னால். குடற்புழு மருந்தைப் புரட்டாசியிலேயே கொடுத்துவிடுங்கள். பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள், சந்தேகம் இருந்தால் ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கும் போகலாம்.

கொட்டகையைத் தரையிலிருந்து உயர்த்திப் பலகைப் பரணாகப் போடுங்கள், ஐப்பசி, கார்த்திகை மழையில் குளம்பு நனையக் கூடாது. மேற்குப் பக்கம் அடைப்பு கட்டாயம். ஆனி, ஆடிக் காற்று உங்கள் ஊரில் எப்படி அடிக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. அந்தக் காற்றில் நிற்கிற குட்டிக்கு இரண்டே நாளில் சளி பிடித்துவிடும்.

பாலை நன்றாகப் பொங்கக் காய்ச்சித்தான் குடிக்க வேண்டும். வீட்டில் ஒரு வயது நிரம்பாத பிள்ளை இருந்தால், அதற்குத் தாய்ப்பாலுக்குப் பதிலாக இதைக் கொடுக்காதீர்கள்.