ஆர்-22 ஏசியில் ஆர்-32 கேஸ் போடலாமா?

அண்ணாச்சி, பாளையங்கோட்டை வீட்டு ஒன்றரை டன் ஏசியில போன மாசம் போட்ட ஆர்-22 கேஸ் அதுக்குள்ள இறங்கிட்டு, மெக்கானிக் ஆர்-32 போட்டுறலாம்னு சொல்லுதாருன்னு கேட்டிருந்தீங்க. வேண்டவே வேண்டாம். ஆர்-32 அழுத்தம் ஆர்-22 மாதிரி சுமார் 1.6 மடங்கு, தீயும் பிடிக்கும். உங்க கம்ப்ரசரும் உள்ளே கிடக்கிற மினரல் ஆயிலும் அதுக்குச் செஞ்சதில்லை.

கேஸ் தானா குறையாது, எங்கேயோ கசியுது. செம்புக் குழாயை மெஷினோட இணைக்கிற ஃபிளேர் நட்டைச் சுத்தி எண்ணெய்ப் பிசுக்குல தூசி ஒட்டியிருக்கான்னு முதல்ல பாருங்க. பெரும்பாலும் அங்கேதான். இல்லைன்னா மீதி கேஸைச் சிலிண்டர்ல உறிஞ்சி எடுத்துட்டு, 150 பிஎஸ்ஐ நைட்ரஜன் ஏத்தி, மூட்டுக்கு மூட்டு சோப்பு நுரை வச்சுப் பார்க்கணும். ஆக்சிஜன் ஏத்த விட்டுறாதீங்க, எண்ணெயோட சேர்ந்து வெடிச்சிரும். கசிவை அடைச்சபிறகு, பம்பு வச்சுக் குழாய்க்குள்ள இருக்கிற காத்தை உறிஞ்சி வாக்குவம் போடணும்; உள்ளழுத்தம் 500 மைக்ரானுக்குக் (வாக்குவம் அளக்கிற அழுத்த அளவு) கீழே இறங்கணும். பம்பை நிறுத்தியும் ஏறாம நிக்கணும். அப்புறம் மெஷின் ஸ்டிக்கர்ல போட்டிருக்கிற கிராம் கணக்குக்கு எடைபோட்டே கேஸ் ஏத்தணும்.

மீதி கேஸை மொட்டைமாடியில திறந்துவிட மட்டும் சம்மதிக்காதீங்க. ஆர்-22-ல குளோரின் இருக்கு. அது அடுக்கு மண்டலத்துக்கு ஏறி, புற ஊதாக் கதிர்ல உடைஞ்சு, ஒரே குளோரின் அணு ஆயிரக்கணக்கான ஓசோன் மூலக்கூறுகளை அழிக்கும். ஓசோனைக் காக்க உலக நாடுகள் போட்ட மாண்ட்ரியல் ஒப்பந்தப்படி இந்தியாவில 2030-ல இந்த கேஸ் ஏறக்குறைய நின்னுரும். அதனால வீட்டுக்குள்ள இருக்கிற யூனிட்டோட குழாய்ச்சுருளே (இன்டோர் காயில்) அரிச்சுப் போயிருந்தா, அதுல காசைப் போடாம புது மெஷின் வாங்குங்க.