மழை மூன்று நாள், உறைபனி அதற்கப்புறம்: உருளைக்கிழங்கை எப்போது மூடுவது?

கேள்வி: ஊட்டி அருகே தலைகுந்தா பக்கம் பள்ளமான நிலத்தில் அரை ஏக்கர் குப்ரி ஜோதி ரக உருளைக்கிழங்கு போட்டிருக்கிறேன். கடைபோகம் என்ற நடவுப் பருவத்தில் தாமதமாக நட்டது, இப்போது 60 நாள் பயிர். மேல் வயலில் கேரட். டிசம்பர் பாதி ஆகியும் குளிரே இல்லை, பகலில் வெயில் சுள்ளென்று அடிக்கிறது. அடுத்த மூன்று நாள் கனமழை, பிறகு பனிப்பொழிவு என்று வாட்ஸப்பில் வருகிறது. பயிர்மேல் போட்டு மூடத் தாகைச் செடி வெட்டி வைத்திருக்கிறேன். இன்றே மூடிவிடலாமா?

பதில்: இன்று வேண்டாம். வெட்டிய தாகை நனையாமல் ஓரமாக இருக்கட்டும். மழை விட்டதும் அதற்கு வேலை வரும்.

பனி கொட்டுவதெல்லாம் இமயமலையில். நமக்கு வருவது உறைபனி. வானம் தெளிந்து காற்று அசையாத இரவில் தரையின் சூடு மேலே போய்விடும், இலைமேல் ஈரம் உறைந்துவிடும். மேகம் மூடிய இரவில் அந்தச் சூடு போகாது. அதனால் மழை நாட்களில் உறைபனி பயம் இல்லை. அப்போது மூடினால் ஈரம் அடியிலேயே தங்கி, நோயை நாமே கூப்பிட்டு உட்கார வைத்த மாதிரி ஆகும்.

இப்போதைய ஆபத்து, இலையைக் கருக்கும் பின்கருகல் நோய்தான். கடுங்குளிரும் இல்லை, கடும் வெயிலும் இல்லை, இலை காயாத ஈரம் மட்டும் உண்டு என்றால் இரண்டே நாளில் வயல் முழுக்க ஓடிவிடும். குப்ரி ஜோதிக்கு ஒரு காலத்தில் இருந்த தாங்கும் சக்தியை இப்போது நம்ப முடியாது. 60ஆம் நாள் மருந்துத் தெளிப்பு எப்படியும் பாக்கி இருக்கிறது. மழை தொடங்குமுன், இலை காய்ந்திருக்கும் நேரத்தில், லிட்டருக்கு 2 கிராம் மாங்கோசெப் பூசணக்கொல்லியை ஒட்டும் திரவத்தோடு, இலையின் அடிப்பக்கமும் நனையும்படி அடியுங்கள். கனமழை என்றாலே 24 மணி நேரத்தில் குறைந்தது 64.5 மி.மீ. பள்ள நிலத்தில் அது அப்படியே நிற்கும். இன்றைக்கே வடிகாலைத் திறந்துவிட்டு, வெளியே தெரியும் கிழங்குக்கு மண் அணையுங்கள்.

மழை விட்டதும் காலையில் கருகிய இலையைத் திருப்பிப் பாருங்கள். பழுப்புத் திட்டின் ஓரத்தில் வெள்ளையாகப் பூசணம் படர்ந்திருந்தால் அது நோய். மாங்கோசெப் மட்டும் போதாது, அதோடு ‘சைமாக்சனில்’ என்ற மருந்தும் சேர்ந்த கலவையை உறையில் உள்ள அளவில் அடிக்க வேண்டும். வெள்ளை இல்லாமல், மேல் இலைகள் எல்லாம் ஒரே இரவில் வெந்த கீரை மாதிரி தொங்கினால் அது உறைபனி. அதற்கு மருந்து கிடையாது. இரண்டையும் குழப்பிக்கொண்டு மருந்துக் கடையில் காசைக் கொட்டுபவர்கள் நிறைய.

மேகம் கலைந்து நட்சத்திரம் தெரிகிற முதல் மாலையில் தாகையைப் போட்டு மூடுங்கள். குறைந்தபட்சம் 4 டிகிரி என்று வானிலை அறிக்கை சொன்னால், ‘பூஜ்யம் இல்லையே’ என்று இருந்துவிடாதீர்கள். அது ஆள் மார்பு உயரத்தில் எடுத்த கணக்கு. புல் மட்டத்தில் சில டிகிரி குறைவாக இருக்கும். குளிர்காற்று தண்ணீர் மாதிரி பள்ளத்துக்குத்தான் இறங்கும், உங்கள் கிழங்கு இருப்பதும் அங்கேதான். தாகை போதாவிட்டால் மிகவும் தாழ்ந்த வரிசைகளை முதலில் மூடுங்கள். காலையில் வெயில் ஏறியதும் எடுத்துவிட வேண்டும்.

கேரட் லேசான உறைபனியைத் தாங்கும். ஆனால் முற்றியது இருந்தால் மழைக்கு முன்பே பிடுங்கி மேட்டுப்பாளையத்துக்கு அனுப்பிவிடுங்கள். ஈரத்தில் வெடிக்கும், மலைப்பாதையில் மண் சரிந்தால் லாரியும் வராது.