பள்ளி ஆசிரியர் வேலையிலிருந்து கவுன்சிலிங் துறைக்கு மாறலாமா?

கேள்வி: உயர்நிலைப் பள்ளியில் 11 வருடமாக ஆசிரியையாக இருக்கிறேன். மாணவர்கள் என்னிடம் மனம் விட்டுப் பேசுகிறார்கள். கவுன்சலராக மாறலாமா? ஆசிரியர் அனுபவம் கைகொடுக்குமா? என்ன படிக்க வேண்டும்?

2016-ல் பள்ளி வேலையை விட்டுவிட்டுக் கவுன்சிலிங் பக்கம் போகிறேன் என்று வீட்டில் சொன்னதும் என் மாமனார் கேட்டது: "கவுன்சிலிங்னா இந்த இன்ஜினியரிங் சீட்டுக்கு நடக்குமே, அதுவாம்மா?" அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அப்போதெல்லாம் அந்தச் சொல்லுக்கு முதல் அர்த்தம் அண்ணா பல்கலைக்கழகம். அடுத்து அரசு ஆசிரியர்களின் டிரான்ஸ்ஃபர் கவுன்சிலிங். அதையெல்லாம் தாண்டித்தான் நம் ஞாபகமே வரும்.

மதுரையில் ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளியில் 13 வருடம் ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்குக் கணக்கு எடுத்தேன். நீங்கள் எழுதியதைத்தான் நானும் சொல்லிக்கொண்டிருந்தேன்: பிள்ளைகள் என்னிடம் மனம் விட்டுப் பேசுகிறார்கள். அது உண்மைதான். ஆனால் உங்களைப் பிடித்த பிள்ளைகள்தான் உங்களிடம் வருகிறார்கள். கவுன்சலர் அறைக்கு வருவதில் பாதிப் பேர் அனுப்பப்பட்டவர்கள். "மிஸ், நான் என்ன தப்பு பண்ணேன்?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வருவார்கள். பிரின்சிபால் அறைக்குப் பதிலாக இங்கே அனுப்பியிருக்கிறார்கள் என்றுதான் அவர்கள் கணக்கு.

மாறலாம், தாராளமாக மாறலாம். நான் ஏன் மாறினேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2011 வாக்கில் ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெண். கணக்கு நன்றாக வரும். பேனாவில் எழுதச் சொன்னால் கேட்கமாட்டாள், பென்சில்தான். நோட்டைத் திறந்தால் பக்கத்துக்குப் பக்கம் அழித்து அழித்து எழுதியிருப்பாள். தாள் நைந்து சில இடங்களில் ஓட்டையே விழுந்திருக்கும். நானும் சளைக்காமல் சிவப்பு மையில் 'நேர்த்தியாக எழுதவும்' என்று எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் திருத்தும்போது ஜன்னல் வெளிச்சம் சாய்வாக விழுந்தது. அழித்த இடத்தில் பென்சில் தடம் தெரிந்தது. அழித்திருந்த விடை சரி. அதன்மேல் திரும்ப எழுதியிருந்ததும் அதே விடை. ஒரே கணக்கில் மூன்று தடவை சரியான விடையை அழித்து, அதையே மறுபடி எழுதியிருக்கிறாள்.

கூப்பிட்டேன். "உனக்குத் தன்னம்பிக்கை வேணும்டா" என்று பத்து நிமிடம் பேசினேன். தலையாட்டினாள். அடுத்த வாரம் நோட்டில் ஒரே ஒரு மாற்றம்: நல்ல ரப்பர் வாங்கியிருந்தாள், தடம் தெரியவில்லை.

அந்தப் பெண்ணுக்கு என்ன என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அந்த வருடக் கடைசியில் அவள் அப்பாவுக்கு மாற்றல் வந்து வேறு ஊருக்குப் போய்விட்டார்கள். 'என்னம்மா ஆச்சு' என்று கேட்க வேண்டிய இடத்தில் அட்வைஸ் கொடுத்துவிட்டேன் என்பது மட்டும் புரிந்தது. வேறு எப்படிக் கேட்பது என்று எனக்குத் தெரியவும் இல்லை. பி.எட்.டில் கல்வி உளவியல் படித்தவள்தான். பியாஜே, எரிக்சன் எல்லாரையும் பத்து மதிப்பெண் வினாவாக மனப்பாடம் செய்து, தேர்வு முடிந்ததும் மறந்தவள்.

2014-ல் வேலையில் இருந்துகொண்டே தொலைதூரக் கல்வியில் உளவியல் எம்.எஸ்சி. சேர்ந்தேன். தியரி எனக்குப் பிரச்சினையே இல்லை. அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் 1957-ல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் வரும் போலியில்லாமல் இருப்பது, நிபந்தனையில்லாமல் ஏற்றுக்கொள்வது, எதிரில் இருப்பவரின் இடத்திலிருந்து புரிந்துகொள்வது எல்லாவற்றையும் அழகாக எழுதி மார்க் வாங்கினேன். வண்டவாளம் தண்டவாளத்தில் ஏறியது செய்முறைப் பயிற்சியில்.

ஒரு பையனிடமும் அவன் பெற்றோரிடமும் சம்மதம் வாங்கி, 40 நிமிட உரையாடலைப் பதிவு செய்து, வார்த்தை மாறாமல் எழுதிக்கொண்டு போக வேண்டும். வெர்பாட்டிம் என்பார்கள். என் சூப்பர்வைசர் மேடம் அதை வாங்கிச் சிவப்புப் பேனாவைத் திறந்தார். எனக்கு வயிறு கலங்கியது. (பதிமூன்று வருடத்தில் எத்தனை பிள்ளைகளுக்குக் கலங்கியிருக்கும் என்று அன்றுதான் தோன்றியது.) நான் பேசியது ஏழு பக்கம். பையன் பேசியது ஒன்றரை. அதிலும் பாதி 'ம்', 'தெரியல மிஸ்'.

"இதுல நீங்க கேட்ட கேள்வி எத்தனைன்னு எண்ணுங்க."

எண்ணினேன். முப்பத்தொன்று.

"இதுல உங்களுக்கு விடை தெரியாத கேள்வி எத்தனை?"

திரும்பப் பார்த்தேன். இரண்டு. தாராளமாகப் பார்த்தால் மூன்று. மீதியெல்லாம் "அப்ப நீ அம்மாகிட்ட சொல்லியிருக்கலாம்ல?", "கோபப்பட்டா யாருக்கு நஷ்டம்?" ரகம். பாடம் நடத்திக்கொண்டு இருந்திருக்கிறேன். எக்ஸின் மதிப்பு என்ன என்று வகுப்பில் கேட்பது எக்ஸ் நமக்குத் தெரியாமல் இல்லையே. அந்தப் பழக்கம் நாக்கில் ஊறிப்போயிருக்கிறது. பிள்ளைகளுக்கும் அது தெரியும். 'மிஸ் எதிர்பார்க்கிற விடை எது' என்று யோசித்து அதைச் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். நாமும் செஷன் நன்றாகப் போனது என்று நினைத்துக்கொள்வோம்.

பேசாமல் இருப்பது அதைவிடக் கஷ்டம். 1970-களில் மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் வகுப்பறைகளைப் பதிவு செய்து பார்த்ததில், கேள்வி கேட்ட ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் பதிலுக்குக் காத்திருந்தார்கள். மூன்று நொடி பொறுத்தாலே மாணவர்களின் பதில் நீண்டது. நான் அந்த ஒரு நொடி ரகம்தான். மேடம் சொன்னபடி மேசைக்குக் கீழே விரலால் எண்ணிக்கொண்டு வாயை மூடப் பழகினேன். சரியாக வர ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. முகம் அதற்கும் பிறகுதான். பிள்ளை ஒன்று சொல்லும்போது புருவம் தானாக ஏறும் பாருங்கள், அது போக நாளாகும்.

அடுத்தது, நான் செய்த தப்பு. கவுன்சலராக ஒரு பள்ளியில் சேர்ந்து இரண்டாவது மாதம். பதினொன்றாம் வகுப்புப் பையன் ஒருவன், பயாலஜி குரூப் தனக்குப் பிடிக்கவே இல்லை, அப்பாவிடம் சொல்லப் பயமாக இருக்கிறது என்றான். மூன்று தடவை வந்து நான்காவது தடவைதான் அதைச் சொன்னான். அன்று சாயங்காலம் ஸ்டாஃப் ரூமில் டீ குடிக்கும்போது அவன் வகுப்பாசிரியை, "என்ன மிஸ், நம்ம பையன் என்ன சொல்றான்?" என்று கேட்டார். "பாவம், அவனுக்கு அந்த குரூப்பே பிடிக்கலையாம்" என்று சொல்லிவிட்டேன். வாய் தவறி என்றுகூடச் சொல்ல முடியாது. 13 வருடம் ஸ்டாஃப் ரூமில் பிள்ளைகளைப் பற்றித்தான் பேசியிருக்கிறோம். அது அங்கே அக்கறை. அவரும் அக்கறையோடு பெற்றோர் கூட்டத்தில் அப்பாவிடம் எடுத்துச் சொல்லிவிட்டார்.

பையன் அதன்பிறகு வரவில்லை. வராண்டாவில் பார்த்தால் 'குட் மார்னிங் மேம்' என்பான். எல்லா டீச்சருக்கும் சொல்கிற அதே குட் மார்னிங்.

அன்றிலிருந்து ஸ்டாஃப் ரூமில் டீ கிடையாது. 'கவுன்சலர் மேடத்துக்குத் தலைக்கனம்' என்று ஒரு பேச்சு உண்டு, இருந்துவிட்டுப் போகட்டும். இந்த வேலையில் தனிமை அதிகம் என்பதையும் கணக்கில் வையுங்கள். மதிய சாப்பாட்டுக்குப் பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்து பழகியவர்களுக்கு முதல் வருடம் சோறு இறங்காது.

ரகசியத்துக்கும் எல்லை உண்டு. முதல் நாளே பிள்ளையிடம் சொல்லிவிட வேண்டும். நான் சொல்வது இப்படி: "நீ சொல்றது என்கிட்டயே இருக்கும். மூணு விஷயம் மட்டும் என்னால மறைக்க முடியாது. நீ உன்னையே காயப்படுத்திக்கப் போறேன்னா, வேற யாரையாவது காயப்படுத்தப் போறேன்னா, உன்னை யாராவது தப்பா நடத்துறாங்கன்னா. அப்பவும் உன்கிட்ட சொல்லிட்டுத்தான் அடுத்தவங்ககிட்ட சொல்லுவேன்." மூன்றாவது விஷயத்தில் நமக்குத் தேர்வே இல்லை. பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைமீது பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தால் 2012-ம் வருடப் போக்சோ சட்டம் 19-வது பிரிவுப்படி போலீசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். தெரிவிக்காமல் விட்டால் 21-வது பிரிவில் தண்டனை. ஆசிரியருக்கும் இது பொருந்தும். 'பள்ளி பேர் கெட்டுவிடும், பார்த்துக்கலாம்' என்று நிர்வாகம் சொன்னாலும் நம் கடமை போகாது.

இனி படிப்பு. எந்தப் பட்டம் படித்திருந்தாலும் கவுன்சிலிங் சைக்காலஜியில் முதுகலை சேர்த்துக்கொள்ளும் கல்லூரிகள் உண்டு. நான் போன வழி மட்டும் இப்போது உங்களுக்கு இல்லை. உளவியல் 2021-ம் வருட சுகாதாரத் தொழில்முறையினர் சட்டத்துக்குள் வந்துவிட்டதால், 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவத்திலிருந்து தொலைதூர, ஆன்லைன் முறையில் அதை நடத்தக் கூடாது என்று யுஜிசி நிறுத்திவிட்டது. 'வீட்டிலிருந்தே எம்.எஸ்சி. சைக்காலஜி, உடனே அட்மிஷன்' என்று யாராவது போன் செய்தால் பணம் கட்டாதீர்கள். ஆறு வார சர்டிபிகேட்டை வைத்துக்கொண்டு பெயருக்கு முன்னால் 'சைக்காலஜிஸ்ட்' போட்டுக்கொள்வதும் வேண்டாம். 'கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்' என்பது தனி. அதற்கு இந்திய மறுவாழ்வு கவுன்சிலான ஆர்.சி.ஐ. அங்கீகரித்த படிப்பும் பதிவும் வேண்டும்.

பணியில் இருப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது என்.சி.இ.ஆர்.டி.யின் ஒரு வருட வழிகாட்டல் மற்றும் கவுன்சிலிங் டிப்ளமோ. கொஞ்ச மாதம் வீட்டிலிருந்து, கொஞ்ச மாதம் நேரில், பிறகு இன்டர்ன்ஷிப். நமக்குப் பக்கத்து மையம் மைசூரு. வேலையை விடாமலே இந்தத் துறை ஒத்துவருமா என்று பார்த்துவிடலாம். சென்னையில் இருந்தால், 1986 முதல் இயங்கும் சினேகா தற்கொலைத் தடுப்பு மையத்தில் தன்னார்வலராகச் சேர முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

பணம். 2016-ல் என் சம்பளம் 19,000 ரூபாய். கவுன்சலராக முதல் சம்பளம் 15,000. பழைய சம்பளத்தைத் தாண்ட நான்கு வருடம் ஆனது. இப்போது இரண்டு பள்ளிகளில் வாரம் இரண்டிரண்டு நாள், சாயங்காலம் தனியாக வருபவர்கள். என் கணவருக்கு நிலையான வேலை இருந்ததால் தாக்குப்பிடித்தேன், மறைப்பதற்கு ஒன்றுமில்லை. நீங்கள் அரசு அல்லது உதவிபெறும் பள்ளியில் நிரந்தரப் பணியில் இருந்தால் ராஜினாமாவைப் பற்றி யோசிக்கவே வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். டிப்ளமோ முடித்துவிட்டு உங்கள் பள்ளியிலேயே அந்தக் காதோடு உட்காருங்கள்.

தனியார் பள்ளி இன்டர்வியூவில் சம்பளத்துக்கு முன்னால் இரண்டு கேள்வி கேளுங்கள். தனி அறை உண்டா, அதற்குக் கதவு உண்டா? எனக்கு முதலில் கொடுத்தது விளையாட்டுச் சாமான் வைக்கும் அறை. ஒரு பெண் அழுதுகொண்டிருக்கும்போது பி.டி. சார் "சாரி மேடம்" என்று வாலிபால் எடுக்க வருவார். இரண்டாவது, சப்ஸ்டிட்யூஷன் போடுவீர்களா? முன்னாள் கணக்கு டீச்சர் என்று தெரிந்தால் கட்டாயம் போடுவார்கள். காலையில் மனம் விட்டுப் பேசிய பையனை மத்தியானம் 'ஹோம்வொர்க் எங்கே' என்று எழுப்பி நிறுத்தினால் இரண்டு வேலையும் கெட்டது.

இவ்வளவு சொன்னதால் ஆசிரியர் அனுபவமே வீண் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கல்லூரி முடித்து நேராக வரும் கவுன்சலர்களுக்குத் தெரியாதது நமக்குத் தெரியும். ஒரு எட்டாம் வகுப்புப் பையன் மூன்று வாரமாகத் தலைவலி என்று வந்தான். நான் தேதிகளை எழுதிவைத்து, அவன் வகுப்பு டைம்டேபிளைப் பக்கத்தில் வைத்தேன். எல்லாம் வியாழக்கிழமை நான்காம் பீரியட். அன்றுதான் இந்தி ரீடிங், எழுந்து நின்று சத்தமாக வாசிக்க வேண்டும். பையனுக்குத் திக்குவாய். அவன் சொல்லவில்லை, டைம்டேபிள் சொன்னது. அரையாண்டுத் தேர்வுக்கு முந்தைய வாரம் வகுப்பில் காற்று எப்படி மாறும், பெற்றோர் கூட்டத்தில் எந்த அப்பா வாசலிலேயே நிற்பார் என்பதெல்லாம் எந்தப் பாடத்திட்டத்திலும் வராது.

வேறு கேள்வி இருந்தால் கேளுங்கள், முடிந்தவரை எழுதுகிறேன். மே மாதம் ரிசல்ட் வாரத்தில் மட்டும் பதில் வராது. அந்த நாட்களில் என் போன் பிள்ளைகளுக்கு. நான் எடுக்கவில்லை என்றால் அழைக்கச் சொல்லி மனநல உதவி எண் 14416, குழந்தைகள் உதவி எண் 1098 இரண்டையும் என் அறைக் கதவிலேயே ஒட்டிவைத்திருக்கிறேன்.