கையைக் கட்டியவர் எல்லாம் கோபக்காரர் அல்ல

கேள்வி: வாடிக்கையாளர் கையைக் கட்டிக்கொண்டு நின்றால், நாம் சொல்வதை ஏற்கவில்லை என்றுதானே அர்த்தம்?

பதில்: குளிராக இருக்கலாம், கையை வைக்க இடம் இல்லாமலும் இருக்கலாம். ஒற்றைச் சைகையை வைத்து முடிவு கட்டாதீர்கள். சாதாரணமாக நின்றவர், நீங்கள் கட்டணத்தைச் சொன்னதும் கையைக் கட்டினால் மட்டும் கவனியுங்கள்.

கேள்வி: பேச்சில் வார்த்தைக்கு 7 சதவீதம்தான் மதிப்பு, மீதி 93 உடல்மொழி என்று பயிற்சியில் சொன்னார்கள். அதன்படியே நடக்கிறேன். ஆனாலும் புகார் குறையவில்லையே?

பதில்: எப்படிக் குறையும்? முதலில் கணக்கே தப்பு. அந்த 93-இல் 38 குரலுக்கு, 55 முகபாவத்துக்கு. உளவியலாளர் ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967-இல் வெளியிட்ட இரண்டு ஆய்வுகளிலிருந்து வந்த எண்கள் இவை. ஒற்றைச் சொற்களை வெவ்வேறு தொனியில் ஒலிக்கவிட்டும், முகப் படங்களைக் காட்டியும், பேசுபவருக்குப் பிடித்திருக்கிறதா இல்லையா என்று கேட்டார்கள். அவ்வளவுதான். சொல்லும் தொனியும் முரண்படும்போது மனசு எதை நம்பும் என்பதற்கான பதில் அது. எல்லாப் பேச்சுக்கும் பொருந்தாது என்று அவரே சொல்லிவிட்டார். பயிற்சி வகுப்புகள்தான் இன்னும் விடவில்லை.

ஒரு கவுன்ட்டரில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ஊழியர் நன்றாகத் தலையாட்டினார், முன்னால் சாய்ந்து கேட்டார், முகத்திலும் அக்கறை இருந்தது. வாயிலிருந்து வந்தது மட்டும் மூன்று முறையும் "பார்க்கிறோம் சார்". எதிரில் நின்றவர் கையில் ரசீது கசங்கிக்கொண்டே போனது. "வியாழக்கிழமைக்குள் பணம் உங்கள் கணக்கில் ஏறிவிடும்" என்று மேலாளர் வந்து சொன்ன பிறகுதான் அதை மடித்துப் பையில் வைத்தார். அவருக்கு வேண்டியிருந்தது தேதி. தேதி வார்த்தையில்தான் இருக்கிறது.

கேள்வி: போனில் பேசும்போது சிரித்தால் எதிரில் இருப்பவருக்குத் தெரியுமா?

பதில்: தெரியும். உதடு விரிந்தால் குரலின் ஒலியே மாறும். புகார் சொல்கிறவரிடம் மட்டும் வேண்டாம்.

கேள்வி: காத்திருக்கச் சொன்னால் கோபப்படுகிறார்கள். காரணம் சொன்னால் போதுமா?

பதில்: உண்மையான காரணமாக இருந்தால். உளவியலாளர் எலன் லாங்கர் இதை நகலெடுக்கும் இயந்திரத்தின் முன் நின்ற வரிசையில் சோதித்து, 1978-இல் வெளியிட்டார். ஐந்து பக்கம் எடுக்க முந்திக்கொள்ள, உப்புச் சப்பில்லாத காரணத்துக்கே பத்துக்கு ஒன்பது பேர் வழிவிட்டார்கள். இருபது பக்கம் என்றதும் வெற்றுக் காரணம் எடுபடவில்லை. இரண்டு நிமிடம் வேறு, இருபது நிமிடம் வேறு.

கேள்வி: "இன்னும் இரண்டுதான் மிச்சம்" என்றால் உடனே வாங்குகிறார்கள். சொல்லலாமா?

பதில்: இரண்டே இருந்தால் சொல்லுங்கள். இல்லையென்றால் அது பொய்.

கேள்வி: கத்துகிறவரை எப்படிச் சமாளிப்பது?

பதில்: நேரிலா, போனிலா? எதற்குக் கத்துகிறார்? ஒன்றும் எழுதவில்லையே! சரி, நேரில் என்று வைத்துக்கொள்கிறேன். நேருக்கு நேர் நிற்காமல் சற்றே பக்கவாட்டில், ஒரு கை தூரத்துக்கு மேல் தள்ளி நில்லுங்கள். அவர் முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள். கணினியைப் பார்க்க வேண்டுமென்றால், "உங்கள் பழைய ரசீதைத் தேடுகிறேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்புங்கள். சொல்லாமல் திரும்பினால் அலட்சியம் என்றுதான் நினைப்பார். அப்புறம், அவர் முகம் சிவந்திருக்கிறதே என்று பயந்துவிடாதீர்கள். வெயிலில் நடந்து வந்திருக்கலாம். ஒற்றைச் சைகையை வைத்து முடிவு கட்டாதீர்கள்.