ஜாதிக்கன்று காய்க்கும்வரை தவணை காத்திருக்குமா?

கேள்வி: பருவநிலை நீதி வேண்டுமானால் ஏழை நாடுகளின் கடனைத் தள்ளுபடி செய்ய வேண்டும் என்கிறார்களே, வாங்கிய கடனைக் கட்டுவதுதானே நியாயம்? இரண்டையும் ஏன் முடிச்சுப்போடுகிறார்கள்?

பதில்: பூமியைச் சூடாக்கிய நாடுகளே அதன் சேதத்துக்கும் பொறுப்பேற்க வேண்டும் என்பதுதான் பருவநிலை நீதி. கடன் எப்படி ஏறுகிறது என்று பார்த்தால் முடிச்சு தெரியும்.

கரீபியன் கடலில் கிரெனடா என்றொரு குட்டித் தீவு நாடு. ஜாதிக்காய்க்குப் பேர்போனது, தேசியக் கொடியிலேயே ஜாதிக்காய் உண்டு. ஏற்கெனவே கடனில் இருந்த அந்த நாட்டை 2004 செப்டம்பரில் ஐவன் சூறாவளி தாக்கியது. பெரும்பாலான வீடுகள் சேதமாயின, ஜாதிக்காய் மரங்கள் வேரோடு சாய்ந்தன. மொத்த இழப்பு, நாட்டின் ஓராண்டு மொத்த உற்பத்தி மதிப்பைப்போல் சுமார் இரண்டு மடங்கு. புதிதாக நட்ட ஜாதிக்கன்று காய்க்கவே ஆறேழு வருஷம் ஆகும். கடன் தவணை அதுவரை நிற்குமா? மறு ஆண்டே கடன் கொடுத்தவர்களிடம் போய் அவகாசம் கேட்டார்கள். 2013இல் மறுபடியும் கட்ட முடியாமல் போயிற்று.

ஆப்பிரிக்க நாடான மொசாம்பிக்கில் 2019 மார்ச்சில் இடாய் புயல் பெய்ரா துறைமுக நகரைச் சிதைத்தது. 600 பேருக்கு மேல் இறந்தார்கள். அடுத்த மாதம் சர்வதேச நாணய நிதியம் அவசர உதவியாகச் சுமார் 11.8 கோடி டாலர் கொடுத்தது. வட்டி இல்லை, சரி. ஆனால் அசலைத் திருப்பிக் கட்ட வேண்டும். பூமியைச் சூடாக்கிய புகையில் அந்த நாட்டின் பங்கு கடுகளவு. செலவு மட்டும் அதன் தலையில். எனக்கு இது பொறுக்கவில்லை. அங்கே ஆட்சியில் இருந்தவர்கள் நாடாளுமன்றத்துக்கே தெரியாமல் சுமார் 200 கோடி டாலர் கடனுக்கு உத்தரவாதம் கொடுத்ததும் உண்மை, அதை நான் மறைக்கவில்லை. ஆனால் வெள்ளத்தில் மரமேறி உயிர் தப்பியவர்களா அதில் கையெழுத்துப் போட்டார்கள்?

அப்புறம், பருவநிலை மாற்றத்தைச் சமாளிக்க ஏழை நாடுகளுக்குப் பணக்கார நாடுகள் அரசு வழியாகத் தரும் பருவநிலை நிதியிலேயே மூன்றில் இரண்டு பங்கு கடன்தான். வெள்ளத் தடுப்புச் சுவர் கட்டக் கடன், சுவர் இல்லாமல் ஊர் மூழ்கினால் மீட்கவும் கடன். அதனால் தள்ளுபடி கேட்பவர்கள் பக்கம்தான் நான் நிற்கிறேன்.

கிரெனடா 2015இல் போட்ட கடன் ஒப்பந்தத்தில், பெரிய சூறாவளி வந்தால் தவணையைத் தள்ளிப்போடலாம் என்றொரு விதியைச் சேர்த்தது. 2024 ஜூலையில் பெரில் சூறாவளி அந்த நாட்டின் கரியாக்கூ தீவைத் தரைமட்டமாக்கியபோது அந்த விதி கைகொடுத்தது. ஆனால் தள்ளிப்போனது தவணை மட்டும்தான். கடன் அப்படியே இருக்கிறது.